இரண்டு ஆள் வீல்

உப்பளத்துக்கு மேலே வெளுப்பு தட்டும்போதே இசக்கிசெல்வி மண்வெட்டியோடு ஏற்றுமதிச் சரக்குக் கிட்டங்கிக்குள் நின்றாள். எரிந்த அவுரி இலை முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. மேலே கரி, உள்ளே ஈரம். வெட்டி அள்ளும்போதெல்லாம் புளித்த கஷாய வாடை எழும்பித் தொண்டையைப் பிடித்தது. காய்ந்த அவுரி காகிதம்போலப் பறக்கும். இது சாணிபோலக் கனத்தது. சாக்கில் கட்டினால் ஓர் ஆளால் தூக்க முடியாது.

இந்தக் கிட்டங்கியில் எல்லாமே ஜோடி வேலைதான். சாக்குக்கு இரண்டு முனை, முனைக்கு ஒருத்தி. இசக்கிசெல்வியின் ஜோடி தேவகனி. தேவகனியைப் புதைத்து ஒரு வாரம் ஆகிறது.

இசக்கிசெல்வி சாக்கைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏளா, இடுப்பு போயிரும். நான் ஒரு முனையப் பிடிக்கேன்” என்றாள் முத்துமணி. கூட வேலை செய்கிறவர்களில் மூத்தவள்.

“வேண்டாங்க்கா.”

“ரோசத்தப் பாரு. நீ இழுத்துட்டுப் போறதுக்குள்ள கப்பல் கொழும்பு போயி திரும்பிரும்.”

யாரோ சிரிக்க வாயெடுத்து அடக்கிக்கொண்டார்கள். வாசலில் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த லோடுமேன் ஜெஸ்டின் மட்டும் இறங்கி வந்து சாக்கை வாங்கிக்கொண்டான்.

தலைக்கு மேலே சிவப்புக் குழாய்கள் கரிபிடித்து வளைந்து தொங்கின. ஸ்பிரிங்க்ளர் இல்லாமல் தீயணைப்புத் துறைச் சான்று கிடையாது, சான்று இல்லாமல் உரிமம் கிடையாது என்றான பிறகு முதலாளி காசிலிங்கம் மாட்டிய குழாய்கள். சூடு ஏறினால் அவற்றின் வாயிலிருக்கும் கண்ணாடிக் குமிழ் வெடித்துத் தண்ணீர் தானாகக் கொட்டும் என்று மாட்டியவன் சொன்னான். இதழ் விரிந்ததுபோலப் பித்தளைத் தகடு இருந்ததால் பெண்கள் அதைப் பூ என்றார்கள்.

மாட்டிய கொஞ்ச நாளிலேயே பூ ஒன்று சொட்டியது. சொட்டிய இடத்தில் இலை கறுத்தது. கறுத்த இலை கப்பலேறாது. அந்த நஷ்டத்தை, மூட்டை அடுக்கிய பெண்களின் கூலியில் முதலாளி பிடித்தார்.

“சொட்டுனா வால்வ மூடுங்க. அதிகாரி வாரன்னைக்குத் தொறந்தாப் போதும்” என்றார் காசிலிங்கம்.

மூலையிலிருந்த வால்வின் வீலை மூடியவர்கள் இசக்கிசெல்வியும் தேவகனியும். சீக்கிரம் மூடுங்கள் என்று மற்றவர்களும்தான் கத்தினார்கள். துருவேறிய இரும்பு வீல். எதிரெதிரே நின்று ஒருத்தி இழுக்க ஒருத்தி தள்ளினால்தான் அசையும். பிறகு அது வழக்கமாகவே ஆகிவிட்டது. அதிகாரி வந்தால் திறப்பார்கள், போனால் மூடுவார்கள்.

தீப்பிடித்த அன்று மத்தியானம் தூறல் விழுந்தது. களத்தில் காய்ந்த இலையை அள்ள எல்லாரும் வெளியே ஓடினார்கள். சாக்குத் தைக்கும் மெஷினில் தேவகனி மட்டும் இருந்தாள். மெஷினுக்கு மேலே இருந்த ஸ்விட்ச் போர்டில் தெறித்த பொறி இலைத் தூசியைப் பற்றியது. அவள் வாசல் வழியாக ஓடி வந்திருக்கலாம். வரவில்லை. “ஏளா இசக்கி, ஓடி வா!” என்ற சத்தம்தான் வந்தது. இசக்கிசெல்வி ஓடினாள். வாசலை அடைத்துப் புகை நின்றது. முத்துமணி அவளை இடுப்போடு கட்டிக் கீழே தள்ளி, மேலே விழுந்து அமுக்கிக்கொண்டாள். பின்வாசலைத் திறக்க வழியில்லை. அங்கே கூரை முட்ட மூட்டை.

தேவகனி வீலுக்கு அடியில் கிடந்தாள். தீ அவளைத் தொடவில்லை. புகைதான் கொன்றது.

“வீல் பக்கத்துல அவளுக்கு என்ன சோலி? எனக்குத் தெரியாம அவதான் மூடி வச்சிருக்கா” என்று காசிலிங்கம் போலீசில் சொல்லிவிட்டார். இன்று காலை விசாரணைக்கு அதிகாரி வருகிறார். அதற்குள் கிட்டங்கி சுத்தமாக வேண்டும். தேவகனி மூடினாள் என்று எழுதிவிட்டால் அவள் மகள் பானுப்ரியாவுக்கு நஷ்டஈடு கிடைக்காது. அம்மாவால்தான் தீ என்கிற பேச்சு மட்டும் கிடைக்கும். இசக்கிசெல்விக்கு உண்மை தெரியும். சொன்னால் வேலை போகும். மூடிய கையில் அவள் கையும் உண்டு, கேஸும் வரும். ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை.

தரையைக் கழுவுவதற்காக, தீப்பிடித்த அன்று காலியாகிப்போன மேல்தொட்டியை நிரப்பினார்கள். நிரம்பியதும் மூலையில் சொட்டுச் சத்தம் கேட்டது.

காசிலிங்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார். “இசக்கி, அங்கன சொட்டுது பாரு. முத்துமணியக் கூட்டிக்கிட்டுப் போயி வீல நல்லா இறுக்கு.”

கால் பழக்கத்தில் நடந்தது. கையும் பழக்கத்தில் வீலைப் பிடித்தது. பிடித்த கை அப்படியே நின்றது.

வால்வு மூடியிருந்தால் பூ எப்படிச் சொட்டும்?

குனிந்து பார்த்தாள். வீலின் நடுத்தண்டு துருவை விட்டு ஒரு விரல் கனம் மேலேறி, அந்த இடம் மட்டும் வெள்ளையாக மின்னியது. அவர்கள் இரண்டு பேரும் இறுக்கியபோது தண்டு உள்ளே இருந்தது. தேவகனி ஒரு விரல் கனம் திறந்திருக்கிறாள். தீக்குப் பத்தாத தண்ணீர் வந்திருக்கிறது. இந்த மூலை மட்டும் கருகாமல் நின்றது அதனால்தான்.

இரண்டு ஆள் வீல். புகைக்குள் நின்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். வரவில்லை என்றதும், இசக்கி பிடிக்க வேண்டிய முனையையும் தானே பிடித்துத் திருப்பியிருக்கிறாள்.

இசக்கிசெல்வி வீலில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

“என்ன, மூடிட்டியா?”

“இது தொறந்து கெடக்கு அண்ணாச்சி.”

“அதத்தான மூடச் சொல்லுதேன்.”

“தேவகனி மூடுனான்னு சொன்னிய. அவ தொறந்துல்லா இருக்கா.”

காசிலிங்கத்தின் முகம் ஒரு நிமிடம் செத்தது. “ஃபயர்காரன் தொறந்திருப்பான்.”

“அவிய வாசல்ல நின்னு ஓஸ் அடிச்சாவ. இந்த வீலு இருக்கதே அவியளுக்குத் தெரியாது.”

“சட்டம் பேசுதியோ? மூடுனதுல ஓங் கையும் உண்டு. மொதல்ல உள்ள போறது நீதான்.” குரலை இறக்கினார். “பானுப்ரியாவ நான் பாத்துக்கிடுதேன். அந்தப் புள்ளைய நடுத்தெருவுல விட்ருவேனா?”

“அவ அம்மா பேரக் கெடுத்துட்டு என்னத்தப் பாத்துக்கிடுவிய? நானும் தேவகனியும்தான் மூடுனோம். நீங்க சொல்லி மூடுனோம். அதிகாரிகிட்ட அதத்தான் சொல்லப்போறேன்.”

முத்துமணி கூடையைக் கீழே போட்டாள். “மூடச் சொல்லிக் கத்துனது நான். என் பேரையும் சேத்துச் சொல்லுளா.”

“நானுந்தான் கத்துனேன். என் கூலியிலயும்தான பிடிச்சாரு” என்றாள் பல்கீஸ், தரை பெருக்கிய வாரியலோடு வந்து நின்று. அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

“எல்லாருமாப் போயிக் களி தின்னுங்க. நாளைக்கே வெளியூர்லேருந்து ஆள் எறக்குதேன்.”

“எறக்குங்க அண்ணாச்சி” என்றாள் முத்துமணி. “வாரவளுக்கும் மூக்கு இருக்கும். அதுலயும் பொகை ஏறும்.”

காசிலிங்கம் முத்துமணியைத் தள்ளிவிட்டுப் போய்த் தானே வீலைப் பிடித்தார். இழுத்தார். தம் கட்டி மறுபடியும் இழுத்தார். வீல் அசையவில்லை.

“ஏலே ஜெஸ்டின், இங்கன வா!”

ஜெஸ்டின் வாசலில் நின்று முதலாளியைப் பார்த்தான். பெண்களைப் பார்த்தான். பிறகு லாரி படியில் உட்கார்ந்தான்.

“இடுப்பு பிடிச்சுக்கிட்டுது அண்ணாச்சி.”

அவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். யாரைக் கூப்பிடுகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆள் வரும், போலீஸ் வரும். அதிகாரி வந்தாலும் என்ன எழுதுவாரோ. பல்கீஸ் பானுப்ரியாவுக்குப் போன் போட்டு, “ஒடனே பொறப்பட்டு வா தாயி, ஒங்கம்மா தொறந்து வச்சத வந்து பாரு” என்றாள்.

வீலை யாரும் தொட்டுவிடக் கூடாது. சுற்றி மூட்டைகளைப் போட்டு உட்கார்ந்துகொள்வது என்று முடிவானது. பூவிலிருந்து தண்ணீர் இசக்கிசெல்வியின் தலையில் சொட்டியது. அவள் விலகவில்லை. ஈரச் சாக்கு ஒன்றைக் குனிந்து பிடித்தாள். தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

“யக்கா,” என்றாள் நிமிராமலே, “அந்த முனையப் பிடி.”