படகில் எத்தனை பேர்?

அலை செத்துப்போனதற்குக் காரணம் கண்ணாடிக்காரர் கைதட்டியதுதான். அதை அவரே ஒப்புக்கொண்டார். படகில் அவரைத் தவிர இருந்த ஒரே ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்ததால், பழியைத் தள்ளிவிட வேறு இடமும் இல்லை.

நடந்தது இதுதான். இருபதடிப் படகு ஒன்று ஏரியில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பத்தடித் தூரத்தில், அந்தப் படகே கிளப்பிவிட்ட அலையின் மேல் பலகை போட்டு, பலகையின் மேல் படகுப் பட்டறையின் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தேழு வயதுப் பெண்மணி. முழங்கை வரை கிரீஸ் வாசம். தண்ணீரில் இறங்கினால் மட்டும் வயது பதினேழு. தான் எடை பொருத்திய படகு ஒழுங்காக அலை எழுப்புகிறதா என்று அவர் இப்படித்தான் சோதித்துப் பார்ப்பார். கயிற்றைப் பிடித்து எழுந்தவர், அலை தன்னைத் தாங்குகிறது என்று தெரிந்ததும் கயிற்றைச் சுருட்டிப் படகுக்குள் வீசிவிட்டார். இனி இழுக்க ஒன்றும் இல்லை, அலைதான் தள்ள வேண்டும். வேக்சர்ஃபிங் என்ற இந்த விளையாட்டின் மொத்தச் சங்கதியும் அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது.

கண்ணாடிக்காரருக்கு அந்த நொடியில் உடம்பு நிலைகொள்ளவில்லை. இடது பின்மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டியவர் எழுந்தார். இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று வலது பக்கம் போய் நின்றார். கைதட்டினார். ஆள் எண்பத்தாறு கிலோ. இடது பக்கம் எண்பத்தாறு குறைந்தது, வலது பக்கம் எண்பத்தாறு கூடியது. ஒருக்களித்துச் சாய்ந்திருந்த படகு சட்டென்று நிமிர்ந்தது. வழவழவென்று சுருண்டு வந்த அலை நுரையாகிக் கலைந்தது. காலடியில் ஒன்றும் இல்லாமல் மெக்கானிக் அப்படியே தண்ணீருக்குள் போனார். பதறிப்போய்க் குனிந்த கண்ணாடிக்காரரின் மூக்குக்கண்ணாடியும் பின்னாலேயே போனது.

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனுஷன், அதற்குப் பிறகு உலகத்தைக் குத்துமதிப்பாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"சார்," என்றார் தண்ணீரிலிருந்து தலையை நீட்டிய மெக்கானிக். "நீங்க இந்தப் படகுல என்னவா வந்திருக்கீங்க?"

"வெயிட்டா."

"வெயிட்டு எந்திரிச்சு நடக்குமா?"

"நடக்காது."

"கைதட்டுமா?"

"இனிமே தட்டாது. மன்னிச்சுக்குங்க."

ஸ்டியரிங்கில் இருந்தவர் மெக்கானிக்கின் தம்பி. படகை விற்பது தம்பி, படகுக்கு எடை கட்டுவது அக்கா. தம்பி சிரித்தார். "விடுக்கா. எடைக்கு வெக்கற தண்ணிப் பைன்னா போட்ட எடத்துல கெடக்கும். அண்ணனுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல."

சாதாரணமாகச் சொன்னதுதான். கண்ணாடிக்காரருக்குத்தான் திக்கென்றது.

நாலு மாதத்துக்கு முன்னால், படிக்கக் கண்ணாடி வேண்டும் என்று மெக்கானிக் அவர் கடைக்கு வந்திருந்தார். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பது கண்ணாடிக்காரரின் முப்பது வருஷத் தொழில். வருகிறவர்கள் முழிப்பார்கள், இன்னொரு தடவை காட்டச் சொல்வார்கள், தப்பாகச் சொல்லிவிட்டால் வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார் என்பதுபோல் பயப்படுவார்கள். மெக்கானிக், "இது," "இது," "ரெண்டும் மோசம்," என்று சொல்லி நாலே நிமிஷத்தில் எழுந்துவிட்டார். ஃபிரேம் எடுக்க அரை நிமிஷம். முகம் பார்க்கும் கண்ணாடியைக் கூட நீட்டவிடவில்லை.

"ஸ்பேனர்ல இருக்கற நம்பர் தெரிஞ்சாப் போதும் சார். என் மூஞ்சிய நானா பாக்கப் போறேன்?"

அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் கண்ணாடிக்காரர்.

மனைவி தவறிப்போய் ஒன்பது வருஷம். கடையை விட்டால் மாடி வீடு, மாடியை விட்டால் கடை. கீழ் வீட்டில் அண்ணனும் அண்ணியும். சாப்பிட உட்கார்ந்தால் எதிர் நாற்காலியில் மடித்த துணி அடுக்கியிருக்கும். அலமாரியில் இடம் இல்லாமல் இல்லை. துணியை எடுத்துவிட்டால் நாற்காலி காலியாகத் தெரியும், அதனால் எடுப்பதில்லை.

கண்ணாடி வாங்கிக்கொண்டு போனவரை மறுபடி பார்க்க நியாயமான வழிகள் நிறைய உண்டு. காதுப் பக்கம் அழுத்துகிறதா என்று போன் போட்டுக் கேட்டிருக்கலாம். நம்மவருக்கு அவ்வளவு சுலபமாக எதுவும் தோன்றாது. அடுத்த சனிக்கிழமை அரை நாள் கடையைச் சாத்திவிட்டு நேராகப் பட்டறைக்குப் போய், "ஒரு படகு வாங்கலாம்னு இருக்கேன்," என்றார். அவருக்கு நீச்சல் தெரியாது.

அண்ணிக்கு விஷயம் தெரிந்ததும் வீடே அமர்க்களப்பட்டது. "தலைல ஒரு சொம்புத் தண்ணி ஊத்தறதுக்கே கண்ண இறுக்கி மூடிக்கிற ஆளு, படகு வாங்கப் போறாராம்! கொழுந்தனாரே, மறைக்காமச் சொல்லுங்க. படகுல என்ன இருக்கு?"

"சீட்டு இருக்கு அண்ணி."

"சீட்டுல யாரு இருக்கா?"

கண்ணாடிக்காரர் மாடியில் ஏதோ அடுப்பில் வைத்த ஞாபகம் வந்து எழுந்துவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், மெக்கானிக்கும் முதல் நாளே கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார்.

"எத்தனை பேரு ஏறுவீங்க?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"படகு சைஸு, பை சைஸு எல்லாமே அதுக்கப்பறந்தான் சார்." ஒரு சாக்பீஸை எடுத்துப் பட்டறைத் தரையிலேயே படகு வரைந்தார். "அலை வேணும்னா படகு தண்ணிக்குள்ள அமுங்கணும். சும்மா மிதந்தா அலை வராது. அமுக்கறதுக்கு வெயிட்டு வேணும். அதத்தான் பேலஸ்டுன்னு சொல்றோம். சீட்டுக்கு அடியில இங்க ஒரு பை, இங்க ஒரு பை, முன்னாடி ஒண்ணு. பம்ப்பு ஏரித் தண்ணிய உள்ள இழுக்கும். வேலை முடிஞ்சதும் வெளிய தள்ளிடும். ஆளு நிறைய ஏறினா தண்ணி கொஞ்சமா ஏத்துவோம். ஆளு இருக்கற எடத்துல ஆளு, ஆளு இல்லாத எடத்துக்குத் தண்ணி. ரெண்டும் சேந்து தாங்குற அளவத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான்."

ஆளு இல்லாத எடத்துக்குத் தண்ணி. கண்ணாடிக்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், எதிர் நாற்காலித் துணிகளைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

"இருபதடி போதுமா?" என்று கேட்பார் ஒரு சனிக்கிழமை.

"எத்தனை பேருங்கறதப் பொறுத்து சார்."

"இருபத்திரெண்டு எடுத்துட்டு, பின்னாடிப் பை ரெண்டையும் பெருசாப் போட்டா?"

"அதுவும் பொறுத்துத்தான்."

இருபதடி லேசானது, இழுத்துப் போக வசதி, கொஞ்சம் தண்ணீரிலேயே அமுங்கும். ஆனால் ஒரு ஆள் இடம் மாறினாலும் அலை கோபித்துக்கொள்ளும். இருபத்திரெண்டு அப்படியில்லை, கொஞ்சம் பொறுத்துப் போகும். இருபத்திநாலு ஒரு கல்யாணக் கூட்டத்தையே ஏற்றிக்கொள்ளும், எரிபொருளையும் அதே கணக்கில் குடிக்கும். இவையெல்லாம் மூன்றாவது வாரமே கண்ணாடிக்காரருக்கு மனப்பாடம். பட்டறைக்குப் படகு வாங்க வந்தவர்களுக்கு அவரே விளக்கம் சொல்லி, இரண்டு படகு விற்றும் கொடுத்திருக்கிறார். தனக்கு மட்டும் முடிவெடுக்கத் தெரியவில்லை. முடிவெடுத்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை எந்த முகத்தை வைத்துக்கொண்டு இங்கே வருவது?

அதனால் குடும்பத்தை வளர்த்துக்கொண்டே போனார். முதலில் மூன்று பேர் என்றார். பிறகு அண்ணன் பிள்ளைகளைச் சேர்த்து ஐந்து. அந்தப் பிள்ளைகளுக்கு நண்பர்கள் உண்டு என்று பிறகு ஞாபகம் வந்து ஏழு. மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொள்வார். "வாரா வாரம் உங்க குடும்பம் பெருசாவுது சார். நல்லாருங்க."

பட்டறையில் அவருக்குச் சனிக்கிழமை என்றே பெயர் விழுந்துவிட்டது. "அக்கா, சனிக்கிழமை வந்துட்டாரு!" என்று தம்பி உள்ளே பார்த்துக் கத்துவார். கண்ணாடிக்காரர் காதில் விழாததுபோல் செருப்பைக் கழற்றுவார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் அவருக்குக் கிடைத்த கூலி ஒன்றுதான். சோதனை ஓட்டத்துக்கு ஆள் எடை தேவைப்படும்போது மெக்கானிக் அவரைக் கூப்பிட்டுக்கொள்வார். இடது பின்மூலையில், பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். எதிரே பத்தடியில் மெக்கானிக்கின் முகம். இடையில் மேஜை இல்லை, மிஷின் இல்லை, தண்ணீர் மட்டும். மெக்கானிக்கின் கண் அலை மேலேயே இருக்கும். கண்ணாடிக்காரரின் கண் எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வருஷத்தில் அவர் ஒருத்தர் எதிரில் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததே கிடையாது. கையை நீட்டினால் எட்டாது. படகு வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்தத் தூரம் அப்படியே இருக்காது, அலையே போய்விடும். அதனால் அசையாமல் இருந்தார், இன்றைக்கு வரை.

கரைக்கு வந்து படகை ஷெட்டுக்குள் ஏற்றியதும் தம்பி விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"அண்ணே, இருபதையும் இருபத்திரெண்டையும் வேறொருத்தர் பாத்துட்டுப் போயிருக்காரு. திங்கக்கிழமை ஒண்ண எடுத்துக்கறேன்னுட்டாரு. உங்களுக்கு எதுன்னு இன்னிக்கே சொல்லிடுங்க. அடுத்த வாரம் ஷெட்ட மூடறோம்."

"மூடறீங்களா?"

"சீசன் முடிஞ்சுதுல்ல. துறைமுகத்துப் பக்கம் வேலை இருக்கு. இனி எட்டு மாசங்கழிச்சுத்தான்."

தம்பி போன் பேச வெளியே போனார். எட்டு மாதத்தில் எத்தனை சனிக்கிழமை என்று கண்ணாடிக்காரர் மனக்கணக்குப் போட்டார். முப்பத்திநாலோ ஐந்தோ வந்தது. எதுவானாலும் அதிகம்தான்.

மெக்கானிக் உலர்ந்த சட்டைக்கு மாறி, பின் சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு, பையின் குழாயைக் கழற்ற உள்ளே தலையை விட்டிருந்தார். ஈரப் பை மெல்லத் தளர்ந்து புஸ்ஸென்று மூச்சு விட்டது.

"சார், அந்தப் பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் குடுங்க."

கண்ணாடி இல்லாதவர் தடவிப் பார்த்து ஒன்றைக் கொடுத்தார்.

"இது பதினாலு."

இன்னொன்றைக் கொடுத்தார்.

"இது கட்டிங் பிளேயர். பரவால்ல, விடுங்க." கையாலேயே திருகிக்கொண்டு, உள்ளேயிருந்தபடியே கேட்டார். "தம்பி சொன்னானா?"

"சொன்னாரு."

"அப்பச் சரியாச் சொல்லுங்க. மூணு, அஞ்சு, ஏழெல்லாம் வேணாம். எத்தனை பேரு?"

கண்ணாடிக்காரர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். படகு டிரெய்லர் மேல் நின்றிருந்தது, ஆடவெல்லாம் இல்லை.

"ரெண்டு."

"யாரு யாரு?"

"ஒண்ணு நான்."

"இன்னொண்ணு?"

"அது பொறுத்து."

"எதப் பொறுத்து?"

"உங்களப் பொறுத்து."

குழாய் திருகும் சத்தம் நின்றது. இருபதடிப் படகின் சீட்டுக்கு அடியில் ஒரு மனுஷி அவ்வளவு நேரம் இருக்க முடியும் என்று கண்ணாடிக்காரருக்கு அதுவரை தெரியாது. மெக்கானிக் வெளியே வந்து, துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு எதிர் சீட்டில் உட்கார்ந்தார். இந்தத் தடவை பத்தடி இல்லை, மூன்றடிதான்.

"தப்பாக் கேட்டிருந்தா விட்டுடுங்க," என்றார் கண்ணாடிக்காரர். "ஆனா பொறுத்து, பாக்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. அத வெச்சுக்கிட்டு நான் இன்னும் நாலு மாசம் ஓட்டிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

மெக்கானிக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அது போகும்வரை காத்திருந்து பேசினார்.

"மொதல் வாரமே தெரியும் சார். நீச்சல் தெரியாத ஆளு எதுக்கு வந்து பை சைஸு கேக்கறாருன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் வாய மூடிட்டுத்தான் இருந்தேன். சனிக்கிழமை ஆனா, ரெண்டு மணி ஆச்சா ஆச்சான்னு நானும் பாப்பேன். அதுல என் தப்பும் இருக்கு."

கண்ணாடிக்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்கள எனக்குப் பிடிக்கும். ஆனா ஒரு வீட்டுக்குள்ள இன்னொருத்தரோட இருக்கறதுங்கறது இனிமே என்னால ஆகாது. கல்யாணம்னு பதினோரு வருஷம் இருந்து பாத்துட்டேன். வெளிய வரவே மூணு வருஷம் ஆச்சு. இப்ப என் கதவ நான் தொறக்கறேன், நானே பூட்டறேன், அது எனக்குப் போதும். மனசு மாறும்னு காத்திருக்காதீங்க, மாறாது. படகும் வாங்காதீங்க. ஷெட்டு தொறந்ததும் சனிக்கிழமை வந்து உக்காரணும்னு தோணுச்சுன்னா வாங்க, எனக்கும் சந்தோஷந்தான். அதுக்கு மேல இல்ல சார்."