யாரு பார்த்தது?

பச்சையம்மாவின் கண்ணீருக்குப் பாலு முதலில் சொன்ன விலை, மாடிப் போர்ஷன்.

"முழுசா உங்க பேருக்கே எழுதித் தந்துர்றேன் அண்ணி. அண்ணன் தலமாட்டுல குந்திக்கினு நாலு பாட்டு பாடுங்க. அது போதும்."

காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு ரவையைக் கிளறிக்கொண்டிருந்தாள் பச்சையம்மா. இல்லத்தில் தங்கியிருக்கும் பெண்கள் எல்லாருக்குமான உப்புமா. கையை எடுத்தால் அடிபிடித்துவிடும் என்பதால் பதில் சொல்லவில்லை. பாலு ஹார்டுவேர் கடைக்காரன். எதிராளி வாயைத் திறக்காவிட்டால் விலை கட்டவில்லை என்றுதான் அவனுக்கு அர்த்தம்.

"சரி, கீழ்க்கடை வாடகையும் உங்களுக்கே. இன்னா சொல்றீங்க?"

அடுப்பை அணைத்தாள். விடியற்காலையில் புருஷன் கேசவன் செத்துப்போனான் என்று சேதி வந்தபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. கட்டிய நாளிலிருந்து அவளை அடித்தவன், ஒரு மாரடைப்பில், நோகாமல், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். யாரைக் கேட்டுப் போனான்? அவள் சொல்லவேண்டியது ஒரு மூட்டை பாக்கி கிடந்தது. பாக்கியை வைத்துவிட்டு ஊரைக் காலி செய்தவனை என்ன செய்வது?

பாலுவின் அவசரம் வேறு. கடை போர்டில் 'கேசவன் பிரதர்ஸ்' என்று எழுதியிருக்கிறது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் அந்தப் பெயருக்குத்தான் சிமெண்ட் மூட்டை கடனுக்கு இறங்குகிறது. 'பொண்டாட்டி ஓடிப்போனவன்' என்ற பேச்சு பிணத்தோடு போயாக வேண்டும். அந்தப் பெண்டாட்டியே வந்து மாரடித்து அழுதுவிட்டால் அப்புறம் எவன் பேசுவான்?

"மாடியும் வேணாம், வாடகையும் வேணாம். நான் பாட ஆரம்பிச்சா முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க வரக் கூடாது. மேளம் நிக்கணும். நீயும் வாயத் தொறக்கக் கூடாது. அத முன்னாடியே எல்லாருக்கும் சொல்லிடு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"சத்தியமா சொல்லிடறேன் அண்ணி!" துக்க வீட்டுக் குரலில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. சொன்ன விலைக்குச் சட்டென்று ஒத்துக்கொண்டான். சரக்கைப் பிரித்துப் பார்க்கவில்லை. கடைத்தெருவில் வளர்ந்தவன் செய்யக் கூடாத தப்பு.

சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் இருந்த அந்த இல்லம் கூட்டமைப்பைச் சேர்ந்தது. தாம்பரத்திலிருந்து நாவலூர் வரை, அடிபட்ட பெண்களுக்கு உதவும் சின்னச் சின்ன அமைப்புகள் தனித்தனியாகத் தள்ளாடிக்கொண்டிருந்தன. ஒன்று தங்க இடம் தரும், ஒன்று வக்கீல் பிடித்துத் தரும், இன்னொன்று போனில் காதுகொடுக்கும். அத்தனையும் சேர்ந்ததுதான் கூட்டமைப்பு. அதற்கு முன்னால், வீட்டில் உதை வாங்கிய பெண் அதே கதையை ஸ்டேஷனில் ஒரு தரம், ஆஸ்பத்திரியில் ஒரு தரம், வக்கீலிடம் ஒரு தரம் என்று கடை கடையாக ஏறி இறங்கிச் சொல்ல வேண்டும். இப்போது ஒரு தரம் சொன்னால் போதும். ஆனால் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. ஒருங்கிணைப்பாளர் ஜெயசீலி வந்தவர்களுக்கு அதைத்தான் முதலில் கற்றுத் தருவாள்: என்றைக்கு, எந்த இடத்தில், என்ன செய்தான், யார் பார்த்தது. "தேதி ஞாபகம் இல்லன்னா பண்டிகையைச் சொல்லுங்கக்கா. அது மறக்காது."

பச்சையம்மாவுக்கு ஒரு பண்டிகையும் மறக்கவில்லை. கோர்ட்டில் முதல் மூன்றையும் கோர்வையாகச் சொன்னாள். நான்காவதில் கேஸ் படுத்துவிட்டது. தெருவே வந்து, "நாங்க ஒண்ணும் பாக்கலீங்க" என்று கைகட்டிச் சொல்லிவிட்டுப் போனது. கேசவன் சட்டையை உதறிக்கொண்டு கடை திறக்கப் போனான்.

அவள் இல்லத்திலேயே சமையலுக்கு நின்றாள், பிறகு வார்டன் ஆனாள். செவ்வாய்க்கிழமைகளில் வார்டன்கள், ஆலோசகர்கள், போன் எடுக்கிறவர்கள் எல்லாரும் கூடுவார்கள். அடுத்தவள் வாங்கிய அடியைக் கேட்டுக் கேட்டே தூக்கம் போனவர்களுக்கும் ஓர் இடம் வேண்டுமே. டீ, சமோசா, வாய்விட்டுத் திட்டுவது. பச்சையம்மா திட்டுவதில்லை. கேசவன் உயிரோடு இருக்கும்போதே மெட்டுக்கட்டி அவனுக்கு ஒப்பாரி வைப்பாள். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். கடைசியில் யாராவது ஒருத்தி அழுதுவிடுவாள். அந்தப் பாட்டைக் கேட்காதவன் கேசவன் ஒருத்தன்தான்.

வேன் கிளம்பும்போது, கூட ஏறிக்கொண்ட ஜெயசீலி கேட்டாள்: "பழிவாங்கப் போறீங்களாக்கா?"

"துக்கம் கேக்கப் போறேன்."

"மூஞ்சில அப்படி ஒண்ணும் தெரியலையே."

"மேக்கப் போடல, அதான்."

டிரைவர் மோகன்ராஜ் சிரிப்பை அடக்க ஹாரனை அடித்தான். ஜெயசீலி சிரிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும். உங்க கதைய மட்டும் சொல்லுங்க. வேற யாரோட கதையும் அவங்க வாயால வராம நாம எடுக்கக் கூடாது."

"தெரியும் ஜெயசீலி. புதுசா வர்றவங்களுக்கு நான்தான அத சொல்லித் தர்றேன்?"

தெருவை அடைத்துப் பந்தல். ஐஸ்பெட்டிக்குள் கேசவன் நெற்றியில் காசோடு, ஊருக்கே நல்லவனாகப் படுத்திருந்தான். பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அவனும் அப்படித்தான், கை ஓங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் உறுமல் மட்டும் கேட்கும்.

"வாங்க அண்ணி!" என்று தெருக்கோடிக்குக் கேட்கும்படி அலறினான் பாலு. கிட்டே வந்ததும் குரலைத் தாழ்த்தினான். "கொஞ்சம் உருக்கமா பாடுங்க, இன்னா?"

அவன் பெண்டாட்டி தமிழினி தண்ணீர் கொண்டுவந்தாள். சித்திரை வெயிலில் மணிக்கட்டு வரைக்கும் ரவிக்கை.

"புழுங்கலியா தமிழினி?"

"பழகிடுச்சிக்கா."

"பாப்பா எங்க?"

"கூடுவாஞ்சேரில, எங்கம்மா வூட்ல." புருஷன் நிற்கும் திசையைப் பார்க்காமல் சொன்னாள். "முந்தாநாளே வுட்டுட்டு வந்துட்டேன்."

பச்சையம்மா மேலே கேட்கவில்லை. முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்ட காலம் அவளுக்கும் உண்டு.

எடுக்கும்போது உடைப்பதற்காகப் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி அவள் கைகளில் கண்ணாடி வளையல்களை ஏற்றினாள். பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்தார்கள். பாலு கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினான்.

"அண்ணி பாடப் போறாங்க. முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க பேசக் கூடாது!"

பச்சையம்மா தலையை விரித்துப்போட்டு எடுத்தாள்.

"கைநிறைய வளையல் வாங்கி – எஞ்சாமி
கதவிடுக்கில் நசுக்கினியே
கார்த்திகை தீபத்தன்னிக்கி – எஞ்சாமி
கண்ணாடித் தூளாக்கினியே
கூடத்துல வெளக்கெரிஞ்சிது
கூட நின்னது யாரு? – அன்னிக்கி
யாரு பார்த்தது, யாரு?"

முதல் வரிக்கு வழக்கம்போல் மாரில் அடித்த கைகள், இரண்டாவது வரியில் அந்தரத்தில் நின்றன.

"பொங்கப்பானை பொங்குமுன்னே – எஞ்சாமி
பொடணியில அடிச்சியே
பக்கத்து வூட்டு டிவியில
பாட்டுச் சத்தம் ஏறிச்சே
பாட்டு மட்டும் கேட்டவங்க
பந்தலுல குந்திக்கினாங்க
யாரு பார்த்தது, யாரு?"

பக்கத்து வீட்டு சாம்பசிவன் சார், பதில் அதற்குள் கிடப்பதுபோல டீ கப்பையே உற்றுப் பார்த்தார். கோர்ட்டில் முதலில் கைகட்டியவர் அவர்தான்.

பாலு குனிந்து பல்லைக் கடித்தான். "அண்ணி, போதும். மானம் போவுது."

மேளக்காரர் குச்சியை நீட்டி மறித்தார். "சார், குறுக்க பேசக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதான? கட்டினவ பாட்ட பாதில நிறுத்தினா போறவருக்கு ஆவாது." பங்காளிக் கிழவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பாலு நாற்காலியில் உட்கார்ந்தான். விற்ற சரக்கைத் திரும்பக் கேட்கிற வழக்கம் அந்தக் கடையில் இல்லை.

ஆடிக் கிருத்திகைக்குக் கொதிக்கிற சாம்பார். சரஸ்வதி பூஜைக்கு, பொட்டு வைத்த சுத்தியலின் பிடி. தீபாவளிக்குப் புதுப்புடவையோடு தெருவில் நின்ற ராத்திரி. வருஷத்தையே சுற்றி வந்தாள் பச்சையம்மா. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தெருவைப் பார்த்து அதே கேள்வி. ஒரு தலையும் நிமிரவில்லை. அவளுக்கு உள்ளே ஜிலுஜிலுவென்று இருந்தது. ஐஸ்பெட்டியில் இருப்பவன் காதில் விழாதது ஒன்றுதான் குறை. போகட்டும், அவனை நல்லவன் என்று சொல்ல வந்த அத்தனை காதிலும் விழுந்தது.

கடைசியாக, வீட்டை விட்டுப் போன ராத்திரி.

"தைப்பூசத்து ராத்திரியில – எஞ்சாமி
தாப்பா போட்டுப் பூட்டினியே
கொல்லக் கதவு தொறந்திருக்க – நான்
குனிஞ்சபடி ஓடினேனே
தொறந்த கையி யாரு கையி?
தொட்டுக் கும்பிட்டிருப்பேனே
யாரு பார்த்தது, யாரு?"

பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது.

"நான் பாத்தேங்கா."

வட்டத்துக்குள்ளிருந்து வந்த குரல். தமிழினி.

"எல்லாத்தையும் பாத்தேன். அப்ப கல்யாணமாயி வந்த புதுசு. கொல்லக் கதவ நான்தான் தொறந்தேன்." வெட்டவெளியில் எதையோ பார்த்துப் பேசினாள். "கோர்ட்ல வந்து சொல்றேன்னு இவர்கிட்ட சொன்னேன். அன்னிலேர்ந்துதான் எனக்கும்…"

நின்றுவிட்டாள். விரல்கள் ரவிக்கையின் கை விளிம்பை இழுத்துவிட்டன. மீதியைப் பச்சையம்மா எடுத்துக் கொடுக்கவில்லை. அது அவள் வாயால் வரவேண்டியது. அவளைத் தோளோடு இழுத்து அணைத்துக்கொண்டு மட்டும் இருந்தாள். பந்தலில் எல்லாக் கண்களும் பாலுவின் பக்கம் திரும்பின.

"இன்னாடி உளர்ற?" என்று எழுந்தான் பாலு.

"நேரமாவுதுப்பா, சட்டிய எடு," என்றார் ஒரு பங்காளி.

பிள்ளையில்லாத கேசவனுக்குக் கொள்ளி வைக்கத் தம்பிதான். புகைகிற கொள்ளிச்சட்டியை அவன் கையில் கொடுத்தார்கள். தூக்கியவன் சுடுகாடு சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. மேளம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. பாலு முன்னால் நடந்தான். முதுகு விறைத்திருந்தது. இரண்டு தரம் கழுத்து லேசாகத் திரும்பியது. இரண்டு தரமும் பக்கத்திலிருந்த பங்காளி அதட்டினார்.

பெண்கள் வாசலைக் கழுவத் தண்ணீர் மொண்டார்கள். தமிழினி உள்ளே போய் ஒரு கட்டைப்பையோடு வந்தாள். முந்தாநாளே கட்டி வைத்திருந்த பை போலிருந்தது. ஜெயசீலி ஓரமாக நின்று போனில் பேசினாள்: "ஒரு பெட் ரெடி பண்ணுங்க. கூட ஒரு குழந்தை."

பச்சையம்மாவே வேன் கதவை இழுத்துத் திறந்தாள். அவசரத்தில் உடைக்க மறந்த வளையல்கள் கையில் குலுங்கின. தமிழினி ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெயில் தாளாமல் ரவிக்கையின் கைகளை முழங்கை வரைக்கும் சுருட்டி விட்டுக்கொண்டாள். மோகன்ராஜ் பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பினான்.

"வரும்போது மூணு பேருக்கா," என்றான்.

"போவும்போது நாலு. கூடுவாஞ்சேரில நிறுத்து, அஞ்சு."

மேளச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. அன்றைக்கு ஒரு கொல்லைக் கதவு, இன்றைக்கு ஒரு வேன் கதவு. இழுத்துச் சாத்தினாள் பச்சையம்மா.