கேட்டும் கிடைக்காதவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அறுபத்தொன்பதாம் வருஷம் காஞ்சிபுரத்துக்கு நான் போனது கல்யாணச் சாப்பாட்டுக்கு. காலையில் காப்பிக்கடை தேடி அலைந்தபோது பிள்ளையார்பாளையத்தில் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு, அதாவது தறியில் ஏற்றப்போகும் நெடுக்கு இழைகளை, விரித்திருந்தார்கள். ஒரு முனையை ஒரு பெண்ணும் மறுமுனையை ஒரு பெரியவரும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, இயேசு கடவுளா இல்லையா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாரென்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இதை எழுதும் தொல்லை இருந்திருக்காது.

அவளுக்குத் தேவகி என்றும் அவருக்குப் பழனி என்றும் நானே பெயர் வைத்தேன். (இதெல்லாம் கிறிஸ்தவப் பெயரா என்று கேட்காதீர்கள். அவர்கள் பெற்றோர் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார்கள், பெயரை விட்டுக்கொடுக்கவில்லை.)

2

தொடங்கிப் பார்த்த வாக்கியங்கள்:

“கர்த்தருடைய கிருபை பெருகும் காஞ்சி மாநகரிலே…” சே, பிரசங்கம்.

“தேவகிக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது அவள் கணவன்…” இதையும் அடித்துவிட்டேன். அவளுக்கு வந்தது சந்தேகமே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். மஞ்சள் காமாலையில் கிடந்த கணவனுக்காகத் தேவகி முட்டி தேயத் தேய ஜெபம் செய்தாள். அவன் போய்விட்டான். அதற்கப்புறம் சுவிசேஷத்தை அவள் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிடிபடுவதற்கு முன்னால் இயேசு தோட்டத்தில் அழுதுகொண்டே, இந்தச் சாவு வேண்டாமே என்று பிதாவிடம் கெஞ்சும் இடத்துக்கு வந்ததும் அதைத் தாண்டிப் போக அவளுக்கு மனம் வரவில்லை. கெஞ்சுகிறவர் ஒருவர், கேட்டுக்கொண்டிருப்பவர் இன்னொருவர் என்று அவளுக்குப் பட்டது. இயேசு கடவுளின் மகன், கடவுள் அல்ல. இதை மனதோடு வைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியவில்லை.

3

தேவகியின் மகள் இந்திராணியை, பழனியின் மகன் அர்ஜுனனுக்குப் பேசி முடித்திருந்தது. பழனி சபை மூப்பர், போதகருக்கு அடுத்த ஸ்தானம். ஒரு விவகாரத்தைப் பேசக்கூடாத நேரத்தில் பேச்செடுப்பது அவர் வழக்கம். கஞ்சி தடவிய பாவு காய்கிறவரை முனையைப் பிடித்தவர்கள் கையை விடக்கூடாது. விட்டால் இழைகள் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும், பிழைப்பு போச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் மனுஷன் ஆரம்பித்தார்.

“ஞாயித்துக்கெழம எழுந்து நின்னு, இயேசு கடவுள்னு ஒரு வார்த்த சொல்லிடு தேவகி. அப்பதான் கல்யாணம்.”

“அவரு கடவுளோட மகன்ணா. மகனையே அப்பான்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

“பிதா, குமாரன், ஆவி மூணும் ஒண்ணுதாம்மா! சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்!”

“ஒண்ணுன்னா, தோட்டத்துல முட்டி போட்டுக்கினு யாராண்ட அழுதாரு? அவராண்டயேவா?”

ஜரிகைக் கடை அப்துல் சத்தார் சைக்கிளை நிறுத்தினார். “அதத்தானம்மா நாங்களும் சொல்றோம். உங்க இயேசு எங்களுக்கு ஈசா நபி, இறைத்தூதருன்னு.”

“நபியோட நிறுத்திக்க மாட்டேன் பாய். உலகத்துக்கு முன்னாடியே பொறந்த மகன்.”

“ரெண்டு பக்கமும் அடி வாங்கறதுன்னே முடிவு பண்ணிட்டியாமா?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

பழனி சிரிக்கவில்லை. “மூப்பன் வீட்டு சம்பந்தியே சபை உபதேசத்த ஒத்துக்கலன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு முன்னாடி நிக்கறது?” முனையை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை.

[ஆசிரியர் குறுக்கே வருகிறார்: மூன்றா, ஒன்றா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. எனக்கு வேத சாஸ்திரம் சுத்தமாகத் தெரியாது. ஆனால் ஊர் பார்க்க, கையை எடுக்க வழியில்லாமல் நின்றுகொண்டு, நம்பியதை நம்பியபடியே சொன்னாளே, அம்மாடி! அதற்காகத்தான் இந்தக் காகிதம் முழுக்க.]

4

இந்திராணியை அழுமூஞ்சியாக முதலில் எழுதினேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டைக்காரி.

“உள்ளுக்குள்ள நெனக்கறத நெனச்சிக்கோமா. வாயால சொல்லிட்டு வந்துடேன். எனக்கு அர்ஜுனன் வேணும்.”

“எனக்கும்தான்டி வேணும். தங்கமான புள்ள.”

“அப்புறம் என்னா?”

தேவகி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். “உங்கப்பாவுக்காகக் கேட்டேன், குடுக்கல. இயேசுவும் தோட்டத்துல தனக்காகக் கேட்டாரு, குடுக்கல. சொந்த மகனுக்கே இல்லன்னுட்டாரு. அப்பவும் சரிப்பான்னு போனாரு பாரு, அதப் பாத்துத்தான் நானும் எழுந்து நடந்தேன். கேட்டவரும் இல்லன்னவரும் ஒருத்தருதான்னு சொல்லிட்டா, என் பக்கத்துல யாருடி இருக்கறது?”



5

முடிவுகள். தேவகி சபையில் சொல்லிவிடுகிறாள், கல்யாணம் நடக்கிறது, பேரன் பிறக்கிறான். எழுதி முடித்துப் படித்தால் அந்தப் பெண்பிள்ளையை எனக்கு அடையாளமே தெரியவில்லை. கிழித்தேன்.

சொல்லவில்லை, கல்யாணம் நின்றது, இந்திராணி ஏனாத்தூர்க் கிணற்றை நோக்கி… போதும், போதும். சினிமாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதில் பழனி மனம் மாறி “நீ சொல்றதுதான் சரி தேவகி” என்று அழுதார். பொய். அவர் விசுவாசமும் விசுவாசம்தானே, அதை நான் ஏன் களவாட வேண்டும்?

6

ஆகவே ஞாயிற்றுக்கிழமை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். போதகர் “தேவகி” என்று கூப்பிட்டார். எழுந்தாள்.

“நீங்க கேட்டத சொல்ல முடியலங்க. ஜெபம் பண்ணட்டுமா?”

ஜெபம் வேண்டாம் என்று எந்தப் போதகர் சொல்வார்?

“பிதாவே, உம்ம மகன் பேரால கேக்கறேன். அவரு கேட்டப்ப நீர் குடுக்கல, அப்பவும் அவரு உம்மத்தான் நம்பினாரு. நான் கேட்டப்பவும் குடுக்கல, நானும் உம்மத்தான் நம்பறேன். எம்பொண்ண இவங்க வீட்டுல சேத்துவையும். உம்ம மகன் மூலமாவே கேக்கறேன்.”

அவ்வளவுதான். நின்றுகொண்டே இருந்தாள்.

ஜெபம் முடிந்தால், அப்படியே ஆகட்டும் என்று சபை ஆமென் சொல்ல வேண்டும். பிதாவை நோக்கி, மகன் பேரால் கேட்டிருக்கிறாள். அங்கே எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். இயேசு கடவுள் என்று அவர்கள் கேட்ட வார்த்தை மட்டும் அதில் இல்லை. ஆமென் சொன்னால் அந்த வார்த்தை இல்லாமலே அவளை ஏற்றுக்கொண்டதாகிவிடும். போதகர் பழனியைப் பார்க்கிறார். பழனி பாயைப் பார்க்கிறார். ஆண்கள் பக்கம் அர்ஜுனன் அப்பாவைப் பார்க்கிறான். இந்திராணி ஆமென் சொல்லிவிட்டாள். பெண் வீட்டுக்காரி சொன்னது கணக்கில் சேராது.

இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை கிடையாது. பாயில் உங்களுக்கும் இடம் இருக்கிறது, உட்காருங்கள். அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். ஒருவர் வாயைத் திறந்தால் போதும், மற்றவர்களும் திறப்பார்கள்.

சொல்கிறீர்களா?