பன்னிரண்டு பதக்கங்களில் ஒரு சாலை

காகித ஆலைக்குப் போகும் மலைச்சாலை முதன்முதலாக இருபது கிலோமீட்டர் குறைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அதுவரை நூற்றறுபது கிலோமீட்டராக இருந்தது, பத்தரைக்கு மேல் நூற்று நாற்பது ஆனது. பாதி வழியில் போய்க்கொண்டிருந்த பேருந்து ஒரு குலுக்கல்கூட இல்லாமல் அரை மணி முன்னதாகப் போய் நின்றது. ஓட்டுநர் முதலில் கைக்கடிகாரத்தைத் திட்டினார், பிறகு நடத்துநரைத் திட்டினார். சாலையின் இரண்டு பக்கத்திலும் இருந்த நிலங்களில் ஒரு சாண்கூடக் குறையவில்லை. மரங்களும் வீடுகளும் பழைய எண்ணிக்கையிலேயே இருந்தன. அது எப்படி என்று பார்க்க வந்த நில அளவையாளர், நாடாவை மூன்று முறை விரித்துச் சுருட்டிவிட்டு, டீ கிடைக்குமா என்று கேட்டார்.

காரணம், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மாடி அறையில் நகை செய்துகொண்டிருந்த பெண். அவள் வெள்ளியை உருக்குவதும் இல்லை, சுத்தியலால் தட்டுவதும் இல்லை. அவளிடம் இருந்தது வெள்ளிக் களிமண். நுண்ணிய வெள்ளித்தூளைப் பசையும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்தது, சின்னச் சின்னப் பொட்டலங்களாக வரும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, இரண்டு பக்கமும் சீட்டுக்கட்டிலிருந்து நான்கு நான்கு சீட்டுகளை அடுக்கி, நடுவில் களிமண்ணை வைத்துக் கட்டையால் உருட்டினால் எங்கும் ஒரே கனமாக விரியும். ஜூஸ் கடை ஸ்ட்ராவால் குத்தினால் கயிறு கோக்கத் துளை. இலை, துணி, மரப்பட்டை என்று எதன்மேல் அழுத்துகிறாளோ அதன் ரேகை அப்படியே பதியும். காயவைத்துச் சூளையில் சுட்டால் பசை எரிந்துபோய் வெள்ளி மட்டும் மிஞ்சும். எடுக்கும்போது சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் உள்ளே இருக்கும் வெள்ளி சிரிக்கும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சூளைக்குள் போனது எட்டில் ஒரு பங்கு சுருங்கித்தான் வெளியே வரும். தொழிலுக்குப் புதிதாக வந்த எல்லோரும் செய்கிற தப்பை அவளும் செய்தாள். கணவனின் மோதிர விரலைக் கச்சிதமாக அளந்து, அதே அளவில் மோதிரம் செய்து சுட்டாள். அது அவனுடைய சுண்டுவிரலில்தான் ஏறியது. அவன் அதைக் கழற்றவே இல்லை.

அந்தக் கணவன் காகித ஆலையில் இயந்திரம் ஓட்டுகிறவன். ஆலையில் குடும்பத்தோடு தங்க வீடு கேட்டு எழுதிக் கொடுத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எழுதிய காகிதம் அதே ஆலையில் மறுபடி கூழாகியிருக்கும் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சனிக்கிழமை வேலை முடித்து எட்டு மணி நேரம் குலுங்கி வருவான். ஞாயிறு மாலை மறுபடி பேருந்து ஏறிவிடுவான். மகளுக்கு நான்கு வயது. ஒரு ஞாயிறு காலை அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்து, கூடத்தில் அவனைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். "அம்மா, ஞாயித்துக்கிழமை மாமா வந்திருக்காரு!"

அவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். பிறகு முகம் கழுவப் போனவன் வெகுநேரம் குளியலறையில் குழாயைத் திறந்தே வைத்திருந்தான். இனி அப்பா என்று கூப்பிடு என்று மனைவி மகளிடம் சொல்லிப் பார்த்தாள். "சரிம்மா, அப்பா மாமா" என்றாள் மகள். அன்று மாலை அவனைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, எட்டு மணி நேரத்துக்கு நீண்டு கிடந்த அந்தத் தார்ச்சாலையின்மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பையில் கிடந்த களிமண்ணை எடுத்து, நிறுத்தத்திலேயே உட்கார்ந்து, சாலையின்மேல் வைத்துக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினாள். திங்கள் முழுதும் அது காய்ந்தது. செவ்வாய் காலை பத்தரை மணிக்குச் சூளையில் சுருங்கியது.

கணவன் தொலைபேசியில் பேருந்து விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குப் பொறி தட்டியது. சந்தேகம் தீர இன்னொரு பதக்கம் செய்தாள். சாலை நூற்று இருபத்திரண்டரை ஆயிற்று. அதற்குப் பிறகு மாதம் ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டு செய்ய ஆரம்பித்தாள்.

செய்தி பரவியதும் ஆளாளுக்குக் கிளம்பி வந்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் சட்டையைத் தூக்கிக்கொண்டு தொந்தியைக் காட்டினார். அழுத்தி, சுட்டுப் பார்த்தாள். தொந்தி அப்படியே இருந்தது. களிமண்ணில் ஒட்டிக்கொண்ட ஐந்தாறு முடிகள்தான் அவருக்கு நஷ்டம். அவள் கைக்குக் கட்டுப்பட்டது அந்தச் சாலை ஒன்றுதான். ஆனால் நன்றாகவே கட்டுப்பட்டது. நான்காவது பதக்கம் காயும்போது ஓரத்தில் விரிசல் விட்டது. சுட்ட அன்றே ஒன்பதாவது வளைவில் சாலையும் பிளந்தது. களிமண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பதக்கத்தின் விரிசலில் பூசி மறுபடி சுட்டாள். சாலை மூடிக்கொண்டது. நெடுஞ்சாலைப் பொறியாளர் இதைக் கேட்டு மாடியேறி வந்தார். அதிகாரமாகப் பேசத்தான் வந்தார், ஆனால் பதக்கங்களைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பாலத்துக்கிட்ட குண்டும் குழியுமா இருக்கும்மா. கொஞ்சம் பார்த்துத் தேய்ச்சு விடுங்களேன்" என்றார். அவளும் பதக்கங்களை மெருகுக் கம்பியால் தேய்த்துவிட்டாள். மறுநாள் பாலத்தருகே பேருந்தில் எழுதிக்கொண்டு போன ஒரு பெண்ணின் கையெழுத்து கோணவில்லை.

பதினொன்றாவது பதக்கத்தோடு சாலை முப்பத்தேழு கிலோமீட்டருக்கு வந்தது. இன்னும் ஒன்று செய்தால் கணவன் தினமும் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்வரலாம். அந்த ஒன்றைச் செய்வதற்காகக் களிமண்ணை உருட்டிக்கொண்டிருந்தபோதுதான், பாதி வழியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அம்மாள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். நல்ல உயரம், அதற்கேற்ற குரல்.

"ஏம்மா, நீதானா அது? எட்டு மணி நேரம் வந்த வண்டி என் கடையில நிக்காம போகுமா? இப்போ எவனுக்குப் பசிக்குது? கையைக் காட்டினா டாட்டா காட்டுறான்! அடுப்பு மூட்டி இருபது நாளாச்சு, தெரியுமா உனக்கு?"

அவளுக்குத் தெரியாது. அதுவரை அவள் அந்தக் கடையை நினைத்துப் பார்த்ததே இல்லை. உருட்டிய களிமண்ணை மறுபடி திரட்டி ஈரத்துணியில் சுற்றினாள். "மன்னிச்சிருங்கக்கா. இனி செய்யலை" என்றாள். அன்று ஞாயிறு. கணவன் உள்ளே ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். மகள் ஓடிவந்து, "அம்மா, ஞாயித்துக்கிழமை மாமா என் பென்சிலை எடுத்துட்டாரு" என்று புகார் சொன்னாள்.

கடைக்கார அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு சுவரில் கோத்துத் தொங்கிய பதினொரு பதக்கங்களைப் பார்த்தாள். "அது யாரு, புருஷனா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு, "இன்னொண்ணு செஞ்சா என் கடை இங்கேருந்து எவ்வளவு தூரம்?" என்றாள்.

"பதினாறு கிலோமீட்டர் இருக்கும்க்கா."

"ஆலையிலிருந்தும் அதே பதினாறுதானே? அப்போ ரெண்டு ஊர்க்காரனும் சாயங்காலம் காத்து வாங்க என் கடைக்குத்தான் வரணும். பசிச்சு வந்தாதானா சாப்பாடு? பேச்சைக் குறைச்சு வேலையைப் பாரு. அந்த மண்ணு காஞ்சிடப் போகுது."

அம்மாளே கூட நின்று கட்டையைப் பிடித்தாள். பன்னிரண்டாவது பதக்கத்தின் பின்பக்கத்தில் இரண்டு பெண்களின் கட்டைவிரல் ரேகைகளும் இருக்கின்றன. சாலை முப்பத்திரண்டு கிலோமீட்டரில் நின்றது. கடையில் மேசை போதாமல் போனது; அம்மாள் இரண்டு அடுப்பு கூடுதலாக மூட்டினாள். நூற்றறுபது கிலோமீட்டர் கற்களில் ஒன்றைக்கூட யாரும் பிடுங்கவில்லை. இன்றைக்கும் அவை இருநூறு மீட்டருக்கு ஒன்றாக, நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

கணவன் தினமும் மாலை ஆறரைக்கு வர ஆரம்பித்தான். மகள் அவனுக்குப் பெயரை மாற்றினாள்: ஆறரை மாமா. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தூரத்தைச் சுருக்க எந்தக் களிமண்ணாலும் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் பென்சில் சீவிக் கொடுத்தான், தலை பின்னக் கற்றுக்கொண்டான், தினமும் மகளிடம் பாம்பு ஏணி ஆட்டத்தில் தோற்றான். இப்படியே மூன்று மாதம் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை, பேருந்து ஓட்டுநர் கடைக்கார அம்மாளிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டதால் வண்டி பத்து நிமிடம் தாமதம். கணவன் இறங்கித் தெருவைக் கடக்கும்போது மாடி ஜன்னலில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள் மகள்.

"அப்பா! இதான் ஆறரையா? எவ்வளவு நேரமா காயை அடுக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

அவன் சட்டென்று திரும்பி, பின்னால் இறங்கியவர்களில் யாருடைய மகள் கூப்பிடுகிறாள் என்று பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. தையல்காரர் தையலை நிறுத்திவிட்டு, "உன்னைத்தான்யா, போ" என்றார். அவன் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். மேலே அவன் மனைவி பன்னிரண்டு பதக்கங்களையும் மடியில் போட்டு மெருகு தேய்த்துக்கொண்டிருந்தாள். மழைக்காலம் வருவதற்குள் சாலையைச் சரிபண்ணித் தரும்படி பொறியாளர் சொல்லியனுப்பியிருந்தார்.