மூன்றாம் மாடிப் பால்கனியில் நான்

லியோன் நகரத்தில், எங்கள் மேட்டுத்தெரு முனையில், ஆறு மாடி உயரத்துக்கு ஒரு மொட்டைச் சுவர். அதில் ஜன்னல், பால்கனி, அடியில் ஒரு கதவு என்று எல்லாவற்றையும், உள்ளே குடியிருந்த எங்களையும்கூட வரைந்து வைத்திருக்கிறார்கள். புதிதாக வரும் தபால்காரர் யாராக இருந்தாலும் அந்தக் கதவின் முன்னால் நின்று மணியைத் தேடுவார். மூன்றாம் மாடிப் பால்கனியில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் நான், சொலாஞ்ச். சுவருக்குப் பின்னால் இருபத்தாறு வருடம் குடியிருந்தேன். நிஜத்தில் அந்தப் பக்கம் எனக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

போன வருடம் வீட்டுக்காரர் ஷார்வே எங்கள் எல்லோரையும் காலி செய்யச் சொன்னார். சுவரைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறாராம். எங்கள் மூஞ்சியைக் காட்டிக் கூட்டம் சேர்த்துவிட்டு எங்களையே துரத்தினார் மனுஷன். பதினோரு மாதம் அவர் வீட்டு வாசலுக்கு நடையாய் நடந்தேன். கதவு திறக்கவே இல்லை. இப்போது பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிறேன்.

போன மாதம் என் புது வீட்டுக்குப் பாஸ்தியான் வந்தான். சுவரை வரைந்தவன். பத்து வருடத்துக்கு ஒரு முறை சுவரைப் புதுப்பிக்கும்போது அதிலிருக்கும் ஆட்களுக்கும் பத்து வயது கூட்டுவது வழக்கம்.

"ஒரு போட்டோ எடுத்துக்கறேன் மதாம். முடி நரைச்சிருக்கே, அதைச் சேர்க்கணும்."

"என்னை அழிச்சுடு."

"ஷார்வே விடமாட்டார். எல்லாரும் சிரிச்சுக்கிட்டு அப்படியே இருக்கணுமாம்."

"இந்த நரை யாரால வந்துச்சுன்னும் வரைவியா?"

அவன் கேமராவைத் தூக்கினான். ஆனாலும் சிரித்தபடி நின்று கொடுத்தேன். திறப்பு விழா என்றைக்கு என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

விழாவன்று என் பால்கனிப் பக்கத்துச் சாரத்தை இன்னும் பிரிக்கவில்லை; அதன் அடியில் பெயிண்ட் டப்பாக்களோடு பாஸ்தியான் நின்றிருந்தான். ஷார்வே மைக்கைப் பிடித்து, "இவங்க எல்லாம் இந்த வீட்ல நிஜமாவே குடியிருக்கிறவங்க!" என்றார். நான் ஒரு கையில் பெட்டியும் தோளில் சுருட்டிய மெத்தையுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். இரண்டையும் கீழே வைத்துவிட்டு வரைந்த கதவைத் தட்டினேன். ஓங்கி ஓங்கித் தட்டினேன். விரல் முட்டியில் தோல் உரிந்தது.

ஏதோ வேடிக்கை என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள். ஷார்வே ஓடி வந்தார்.

"என்ன மதாம் இது? இது வெறும் பெயிண்ட்!"

"உங்க வீட்டுக் கதவையும் பதினோரு மாசம் தட்டினேன் மிஸ்யே. அது மட்டும் என்ன, திறந்துச்சா?"

கைதட்டல் நின்றுவிட்டது. நான் சாரத்தின் பக்கம் திரும்பிக் கத்தினேன். "பாஸ்தியான்! நான் அந்த வீட்ல இல்ல. ஜன்னலைச் சாத்து!"

அவன் பச்சைப் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினான். "இறங்குடா!" என்று ஷார்வே குதித்தார். அவன் இறங்கவில்லை. பால்கனிக்குக் குறுக்கே, சாத்திய ஜன்னல் கதவுபோல ஒவ்வொரு பலகையாக வரைந்துகொண்டே வந்தான். என் சிரிப்பு முழுக்க மறைந்த பிறகுதான் நான் மெத்தையைத் தோளில் ஏற்றி, பெட்டியையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.