இரண்டு பக்கமும் ஒரே பக்கம்

அண்ணா தினமும் காலையில் தேவராஜா மார்க்கெட்டுக்குப் போய்த் துளசி வாங்கி வருவான். அதைப் பெருமாள் அறையின் நிலைப்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவான். உள்ளே போகமாட்டான், போகக் கூடாது. அப்பா வந்து அதை எடுத்துத் தண்ணீர் தெளித்துத் திருவாராதனத்தைத் தொடங்குவார். மூன்று வருடங்களாக எங்கள் வீட்டில் பூஜை இப்படித்தான் நடக்கிறது. அதற்கு முன்பு, பூணூல் போட்ட நாளிலிருந்து, மணி அடிப்பது அண்ணாவின் வேலையாக இருந்தது.

"அவன் வாங்கின துளசி ஆகும், அவன் அடிச்ச மணி ஆகாதா மாமா?" என்று அம்மா எப்போதாவது கேட்பாள். அம்மா அப்பாவின் சொந்த அக்காள் மகள். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். அப்பா மூக்குப்பொடி டப்பாவைத் தேடுவார்.

எல்லாம் ஒரு டாக்டரின் கேள்வியில் தொடங்கியது. அண்ணா ஹ்ருஷிகேஷ் பெங்களூரில் வேலையில் இருந்தபோது தீபாவளிக்கு வந்தான். சாப்பிட்டு எழுந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடத்திலேயே சுருண்டுவிட்டான். வலி முதுகுவரை போகிறது என்றான். எமர்ஜென்சியில் இருந்த டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துக் கணையம் வீங்கியிருக்கிறது என்றார். பிறகு அப்பாவின் எதிரிலேயே, "எஷ்டு வர்ஷதிந்த குடீதீரா?" என்று கன்னடத்தில் கேட்டார். எத்தனை வருடமாகக் குடிக்கிறீர்கள் என்று. குடிப்பீர்களா என்று கேட்கவில்லை. அண்ணா, குடிக்கிற பழக்கமே இல்லை என்றான். வீட்டுக்கு வந்ததும் அப்பா அவனைப் பெருமாள் முன்னால் நிறுத்தி இன்னொரு தரம் கேட்டார். அங்கேயும் அண்ணா அதையே சொன்னான். மறுநாள் அவன் குளித்துவிட்டு வந்தபோது மணி அப்பாவின் பக்கத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு வலி திரும்பத் திரும்ப வந்தது. பெங்களூர் வேலை போயிற்று. வீட்டிலிருந்தபடியே யாருக்கோ கணக்கு எழுதிக் கொடுக்கிறான். நெய் கூடாது, எண்ணெய் கூடாது, சாப்பாட்டோடு மாத்திரை. மெலிந்துபோனான். எனக்கு நஞ்சன்கூட்டில் ஒரு மருந்து ஃபேக்டரியின் லேபில் வேலை. காலை பஸ்ஸில் போய், மாலையில் நேராகப் புள்ளியியல் வகுப்புக்குப் போய், வீடு திரும்பும்போது நிற்கத் தெம்பு இருக்காது. அப்போதும் அண்ணாவிடம் கேட்டு அன்றைய வலியை டைரியில் எழுதுவேன். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். "ஏழு போடலாமா, எட்டா?" என்று கேட்டால், "உனக்கு எது பிடிச்சிருக்கோ அதைப் போடு" என்பான். நான் ஏழு போட்டுவிட்டு, எட்டாக இருக்குமோ என்று படுத்தபிறகு யோசித்துக்கொண்டிருப்பேன்.

கடைசியாகப் பார்த்த வயிற்று டாக்டர்தான் மரபணுச் சோதனை எழுதிக் கொடுத்தார். கணையத்தில் கற்கள் சேர்ந்துவிட்டன, இந்த வயதுக்கு இது அதிகம், பிறப்பிலேயே ஏதாவது இருக்கலாம் என்றார். ரிசல்ட் வந்த அன்று நான் லீவு போட்டுவிட்டு அண்ணாவோடு போனேன். அப்பா வரவில்லை.

ஆலோசகர் தீபாவுக்குத் தமிழ் தெரியும். ஒரு காகிதத்தின் பின்புறம் படம் போட்டு விளக்கினார். கணையத்தில் சுரக்கும் நொதிகள் குடலுக்குப் போன பிறகுதான் விழித்துக்கொள்ள வேண்டும். சில சமயம் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அதையே செரிக்கத் தொடங்கிவிடும். அதை அடக்கிவைக்க உடம்பு ஒரு புரதத்தைச் செய்கிறது. அதற்கான மரபணுவுக்கு ஸ்பிங்க்-ஒன் என்று பெயர்.

"உங்களுக்கு அந்த மரபணுவோட ரெண்டு பிரதியிலயும் மாற்றம் இருக்கு. ஒண்ணு அப்பாகிட்டேருந்து, ஒண்ணு அம்மாகிட்டேருந்து."

"அப்போ இதுதான் காரணமா, மேடம்?" என்று அண்ணா கேட்டான். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

"அபாயத்தை நிறையவே கூட்டுது. ஆனா இதுதான், இது மட்டும்தான்னு என்னால எழுதித் தர முடியாது. இந்த மாற்றம் இருக்கறவங்க பல பேர் ஒரு நோவும் இல்லாம இருக்காங்க. குடி, சிகரெட் சேர்ந்தா இன்னும் மோசம்."

எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று சந்தேகமாக இருந்ததால் வேறு வேறு விதமாகக் கேட்டேன். அவர் சலிக்காமல் அதையே சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் ஒரு டெஸ்ட் குடுக்கலாம். கூடப் பிறந்தவங்களுக்கும் ரெண்டும் வந்திருக்க நாலுல ஒரு வாய்ப்பு இருக்கு" என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆட்டோவில் திரும்பினோம். சிக்னலில் நின்றபோது அண்ணா சொன்னான்.

"அப்பாகிட்ட நீயே படிச்சுக் காட்டு. ஜீன்தான் காரணம், குடி இல்லைன்னு ரிப்போர்ட்ல வந்திருக்குன்னு சொல்லு."

"அப்படி வரலையே."

"அவருக்கு இங்கிலீஷ்ல இருக்கற இதெல்லாம் புரியப் போறதா? நீ சொன்னா நம்புவார். எக்ஸாம்ல அரை மார்க் கூடப் போட்டுட்டான்னு திருப்பிக் கொடுத்தவள் நீ."

"அண்ணா, நீ குடிச்சியா?"

அவன் ரோட்டைப் பார்த்தான். "பெங்களூர்ல. வெள்ளிக்கிழமை எல்லாரும் போவா. பீர். நான் ஒருத்தன் மட்டும் ஜூஸ் குடிச்சிண்டு உட்கார முடியுமா? முதல் தரம் வலி வந்ததுக்கப்புறம் தொடவே இல்லை. சத்தியமா."

அவன் சொன்னதை நம்பினேன். நம்பியதால் இன்னும் களைப்பாக இருந்தது. இந்த வீட்டில் மீண்டும் ஒரு முறை மணி அடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவன் இத்தனை ஊசிகளையும் தாங்கினான் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாகப் படித்தால் போதும். வகுப்பில் வாரா வாரம் நாங்கள் படிப்பது அபாயம் வேறு, காரணம் வேறு என்பதைத்தான். அது இப்படி ஓர் ஆட்டோவில் வந்து என் பக்கத்தில் உட்காரும் என்று நினைக்கவில்லை.

வீட்டில் அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். அம்மா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணா கதவருகே நின்றான். நான் ரிப்போர்ட்டை வரி வரியாகத் தமிழில் சொன்னேன்; குடி, சிகரெட் பற்றி ஆலோசகர் சொன்னதையும், என்னையும் டெஸ்ட் கொடுக்கச் சொன்னதையும் சேர்த்துக்கொண்டேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இவன் குடிச்சானா இல்லையான்னு அதிலே எழுதியிருக்கா?"

அண்ணா என்னைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. நான் நிமிரவில்லை.

"இல்லைப்பா. அது இதுல தெரியாது."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அண்ணா செருப்பை மாட்டப் போகிறவன்போலத் திரும்பினான். அம்மாதான் பேசினாள்.

"ரெண்டு பக்கத்திலேருந்தும் வந்திருக்குன்னு சொன்னியே, எந்த ரெண்டு பக்கம்?"

"ஒண்ணு அப்பாவோடது, ஒண்ணு உன்னோடது."

"எங்களுக்கு ஏதுடி ரெண்டு பக்கம்? இவரோட அம்மா எனக்குப் பாட்டி. ரெண்டு பக்கமும் ஒரே பக்கம்தானே." அவள் ஓர் அவரைக்காயை உரிக்காமலே பாத்திரத்தில் போட்டுவிட்டாள். "வெளியிலே கொடுத்தா எப்படி இருக்குமோ, நம்மாத்திலேயே இருக்கட்டும்னு எல்லாரும் சேர்ந்து பண்ணி வெச்சா. நம்மாத்திலேயேதான் இருந்திருக்கு. நீங்களும் அந்தப் பொடியைத் தூக்கிப் போடுங்கோ மாமா."

"அவா சொன்னது சிகரெட். பொடி இல்லை" என்றார் அப்பா.

"ஆமாம், உங்க மூக்கு தனி லோகம்."

அப்பா பொடி டப்பாவைக் கையில் எடுத்தார், திறக்கவில்லை. கதவருகிலிருந்து அண்ணா சொன்னான்.

"குடிச்சேன்பா. பெங்களூர்ல இருந்தப்போ. பீர். இப்போ இல்லை."

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னிக்கு உன் முகத்திலேயே தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட இல்லைன்னே, சரி, நாலு பேர் இருந்தா. பெருமாள் முன்னாடியும் இல்லைன்னியே." அப்பா நாற்காலியின் கையைப் பிடித்து எழ முயன்று, முடியாமல் உட்கார்ந்தார். "குடிச்சதுக்கா உன்னை நிறுத்தினேன்? அங்கே நின்னு பொய் சொல்லிட்டு, அந்தக் கையாலே எப்படிடா மணி அடிப்பே?"

"அப்புறம் இன்னொரு தரம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

மூன்று வருடம். ஒருவர் கேட்கட்டும் என்று ஒருவரும், அவன் சொல்லட்டும் என்று ஒருவரும். அந்த மூன்று வருடத்து வலி எண்கள் என்னிடம் இருக்கின்றன. இதற்கென்று அதில் ஒரு கட்டம் போடவில்லை. அப்பா வெகுநேரம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "என்கிட்டேருந்து ஒண்ணா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

இன்று காலை அண்ணா வழக்கம்போலத் துளசியை நிலைப்படியில் வைத்துவிட்டுத் திரும்பினான். அப்பா உள்ளேயிருந்து வந்து எடுக்கவில்லை. நான் டிபன் டப்பாவில் சாதம் அடைத்துக்கொண்டிருந்தேன்.

"உள்ளே கொண்டு வா. முட்டி மடக்க முடியலை" என்றார்.

அண்ணா குளித்துவிட்டுத்தான் இருந்தான். ஆனாலும் குழாயில் இன்னொரு முறை கால் அலம்பிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் மணி கேட்டது. பலமில்லாத மணி. நடுவில் நின்றுவிட்டது.

"மறந்துட்டியா?"

"இல்லைப்பா. வலிக்கிறது."

"உட்கார்ந்துண்டு அடி. ஒண்ணும் ஆகாது."

நான் வாசலில் செருப்பைப் போடும்போது உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பிரார்த்தனா, உனக்கு எப்போ ரத்தம் எடுக்கறா?"

"சனிக்கிழமைப்பா" என்றேன். அந்த நிமிடம்வரை நான் எந்தக் கிழமையும் முடிவு செய்திருக்கவில்லை.