இரண்டாவது உருண்டை

இப்போதெல்லாம் ஒருவனும் தன் தோலில் சுடுவதை நம்புவதில்லை, காகிதத்தில் அச்சாகியிருந்தால்தான் நம்புகிறான் என்று முணுமுணுத்தபடி கிழவர் ஏணியில் நின்று பிரஷ்ஷை இழுத்தார். காகிதம் மகள் கொடுத்தது. பள்ளிக்கூடத்து நடைபாதைச் சுவரில் சூரியனும் எட்டுக் கோள்களும் வரைய வேண்டும். கொதிக்கிற கோளுக்குக் கருஞ்சிவப்பு; சூடு குறையக் குறைய ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் நீலம். காகிதத்தில் கருஞ்சிவப்பு இரண்டாவது கோளுக்குப் போயிருந்தது. எவனோ தூக்கக் கலக்கத்தில் அச்சடித்திருக்கிறான் என்று தீர்மானித்து, முந்தின நாளே முதல் உருண்டைக்குக் கருஞ்சிவப்பும் இரண்டாவதற்கு ஆரஞ்சும் பூசிவிட்டார். நாற்பது வருஷமாகச் சுவரோடு மல்லுக்கட்டுபவருக்கு இதுகூடவா தெரியாது.

மகள் அங்கே தற்காலிக அறிவியல் ஆசிரியை. பன்னிரண்டு மணிக்கு மூன்று அதிகாரிகள் வருகிறார்கள். அவளுடைய சுவரையும் வகுப்பையும் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று எழுதுவார்கள். பெயிண்டர் தன் அப்பா என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டு ஆளுக்கே வேலை கொடுத்தாள் என்று பேச்சு வருமாம். கிழவர் தலையாட்டிவைத்தார், நம்பவில்லை. பெயிண்ட் அப்பிய சட்டையை யார்தான் சொந்தம் கொண்டாடுவார்கள்.

பத்தரை மணிக்கு வந்தவள் சுவரைப் பார்த்ததும் சாக்பீஸ் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"மாத்திப் பூசிட்டீங்களேப்பா. எல்லாத்தையும் விட வெள்ளிதான் சூடு."

"அடுப்ப ஒட்டி நிக்கிறவன விட்டுட்டு, தள்ளி நிக்கிறவனுக்கா வேர்க்கும்?"

அவள் குரலைத் தாழ்த்திச் சொல்லிப்பார்த்தாள். முதலில் இருக்கும் புதன் சின்னது, சூரியனுக்கு ரொம்பப் பக்கம். காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள அதனால் முடியவில்லை. பகலில் கொதிக்கும், இரவில் உறைந்துபோகும். வெள்ளி தள்ளித்தான் இருக்கிறது, ஆனால் கனத்த காற்றைப் போர்த்தியிருக்கிறது. உள்ளே வந்த சூட்டுக்கு வெளியே போக வழியில்லை.

"யாரு போய்த் தொட்டுப் பாத்தது?" என்றார் கிழவர்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "அவங்க கேட்டா நான் என்னப்பா சொல்றது?" என்று மட்டும் சொல்லிவிட்டு, மணி அடித்ததும் வகுப்புக்குள் போனாள். கண்ணைத் துடைத்தாளா, வியர்வையைத் துடைத்தாளா என்று தெரியவில்லை.

பெயிண்டைக் கரைக்கத் தின்னர் எடுக்கத் தன் வேனுக்குப் போனார். காலையிலிருந்து மைதானத்தில் கண்ணாடி ஏற்றிப் பூட்டிக்கிடந்த வேன். வெளியே வெயில் முதுகில் காய்ந்தது, அவ்வளவுதான். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. தின்னர் டப்பா வயிறு உப்பிக் கிடந்தது. ஒரு கையை உள்ளே நீட்டி, மறு கையை வெளியே வைத்து, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். அதே வெயில்தான். ஒரு முழம்கூடத் தூரம் மாறவில்லை.

திரும்பி வந்து இரண்டாவது உருண்டையைக் கருஞ்சிவப்பாக்கினார். முதல் உருண்டையில் ஒரு பாதியை அப்படியே விட்டு, மறுபாதியில் நீலம் இழுத்தார். காகிதத்தில் அது இல்லை.

மகள் வந்து பார்த்தாள். "நம்பிட்டீங்களாப்பா?"

"வண்டிக்குக் கண்ணாடி இருக்கு. அங்க எவன் போய்க் கண்ணாடி மாட்டினான்? உன் பொழப்புக்காகப் பூசினேன்."

அதிகாரிகள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் முதல் உருண்டையைக் காட்டி, இது ஏன் பாதி நீலம் என்று பெயிண்டரிடமே கேட்டார். மகள் வாயைத் திறப்பதற்குள் கிழவர் ஏணியை மடக்கினார்.

"ராத்திரிக்கு அதுக்குப் போத்திக்க ஒண்ணுமில்லீங்க. டீச்சரம்மா சொன்னாங்க. மிச்சத்த அவங்களக் கேளுங்க."

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கண்ணாடிக்காரர் சுவர்ப்பக்கம் கையை நீட்டியிருக்க வேண்டும். மகளின் குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது.

"தொடாதீங்க சார், ஈரம். எங்கப்பா இப்பதான் பூசினார்."

கிழவர் திரும்பவில்லை. காற்றாம், போர்வையாம் என்று முனகியபடி மைதானத்தைக் கடந்தார். வேனின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, உள்ளே இருந்த சூடு போகட்டும் என்று வெயிலிலேயே நின்றார்.